மதமா, அதிகாரமா?

கேள்வி: மதக் கலவரங்களுக்குக் காரணம் மத நம்பிக்கையா, அதிகாரப் போட்டியா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: நம்பிக்கை மட்டும்தான் என்றால் 1635இல் கத்தோலிக்க பிரான்ஸ், புரட்டஸ்தாந்து சுவீடனோடு கைகோத்து கத்தோலிக்க ஹப்ஸ்பேர்க் அரசர்களோடு மோதியிருக்காது. ஷியா ஈரானும் ஷியாக்கள் அதிகமுள்ள அஸர்பைஜானை விட்டுக் கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு ஒட்டாது.

அதற்காக மதம் வெறும் சாட்டு என்றும் தள்ளிவிட முடியாது. கம்பளையில் பௌத்தர்களின் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மனத்தாங்கல் நிஜம். ஆனால் 1915 மே இறுதியில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட கலவரம் சில நாட்களில் கொழும்புக்கு வந்தபோது உடைபட்டவற்றில் கடைகள் ஏராளம். யுத்தகால விலையேற்றத்தையும், தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளான கரையோரச் சோனகர்மீது இருந்த வியாபாரப் பொறாமையையும் கழித்துவிட்டு அதைப் புரிந்துகொள்ள முடியாது. ஆங்கில அரசோ, ராஜத்துரோகச் சதி என்று சொல்லி இராணுவச் சட்டம் போட்டது!

2018 பெப்ரவரியில் அம்பாறையில் வேதம், வேள்வி எதுவும் இல்லை. முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் கருத்தடை மாத்திரை என்று கிளப்பிவிட்டார்கள். அரச பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று தெரிந்தது. அறிக்கை வருமுன்பே கடையும் பள்ளிவாசலும் அடிவாங்கி முடிந்திருந்தன.