சர்ச்சைக்குரிய எல்லைப் பகுதியில் உள்ள பழமையான கோயிலுக்குச் சென்றிருக்கிறீர்களா? அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

கம்போடியா, தாய்லாந்து எல்லையில் டாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பில் நிற்கும் பிரியா விகார் சிவன் கோயிலுக்கு, 2025ஆம் ஆண்டுச் சண்டைகளுக்கு முன்பு, சியம் ரீப் நகரிலிருந்து சென்று வந்தேன். சிகரேசுவரர் என்ற பெயரில் இறைவன் எழுந்தருளியிருந்த இக்கோயிலை, அங்கோர் பகுதியை ஆண்ட கெமர் மன்னர்கள், குறிப்பாக முதலாம் சூரியவர்மனும் இரண்டாம் சூரியவர்மனும், 11, 12ஆம் நூற்றாண்டுகளில் விரிவாகக் கட்டினார்கள்.

அங்கே முதலில் கவனிக்க வேண்டியது திசையைத்தான். கெமர் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருக்க, இது வடக்கு நோக்கியிருக்கிறது. வடக்கில், தாய்லாந்துப் பக்கம், நிலம் மெல்லச் சரிகிறது. தெற்கில், கம்போடியப் பக்கம், மலை செங்குத்தாக விழுகிறது. ஆகவே கோயிலுக்குரிய இயல்பான பாதை ஒரு நாட்டிலும் கோயில் இன்னொரு நாட்டிலும் கிடக்கின்றன. கோயில் யாருக்கு உரியது என்று இரு நாடுகளும் பன்னாட்டு நீதிமன்றத்தில் நடத்திய வழக்கின் வேரும் இதுவே. மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் நீர்பிரி மேடே எல்லை என்று, அப்போது கம்போடியாவை ஆண்ட பிரான்சும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) 1904ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கை கூறியது. ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் 1907இல் வரைந்த வரைபடம் கோயிலைக் கம்போடியாவுக்குள் காட்டியது. சயாம் அதை மறுக்கவில்லை என்பதையும், 1930இல் அங்கு வந்த சயாம் இளவரசர் தம்ரோங்கைப் பிரெஞ்சு அதிகாரியே வரவேற்றதையும் கருத்தில் கொண்டு, பன்னாட்டு நீதிமன்றம் 1962இல் கோயில் கம்போடியாவின் இறையாண்மைக்கு உட்பட்டது என்று 9க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியானதென்றே நான் கருதுகிறேன்; ஆயினும் அந்தச் சரிவில் நின்று வடக்கே பார்த்தபோது, தாய்லாந்து மக்களின் மனக்குறை எங்கிருந்து பிறக்கிறது என்பதும் எனக்குப் புரிந்தது.

வாகனத்தில் மலையேறியதும் நேரே உச்சிக்குச் சென்றுவிடாமல், வடகோடியில் உள்ள நாகப் படிக்கட்டுக்கு வந்து, அங்கிருந்து ஐந்து கோபுரவாயில்களையும் வரிசையாகக் கடந்து ஏறுங்கள். ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள இந்த வழியில் ஒவ்வொரு வாயிலும் அடுத்ததை மறைத்து நிற்பதால், கருவறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது கடைசிவரை தெரிவதில்லை. இரண்டாவது வாயிலைக் கடந்தபின் திரும்பிப் பாருங்கள்: அதன் தென்முகப்பில் தேவர்களும் அசுரர்களும் பாற்கடலைக் கடைகிறார்கள், அதற்குக் கீழே திருமால் பள்ளிகொண்டிருக்கிறார். நான் நெடுநேரம் நின்றது இங்கேதான். இரண்டாம் சூரியவர்மனின் குருவான திவாகர பண்டிதர், நடனமாடும் சிவனின் பொற்படிமம் ஒன்றை இக்கோயிலுக்கு அளித்ததாக இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சிதம்பரத்தை அறிந்தவர்களுக்கு அச்செய்தி தரும் மகிழ்ச்சி தனியானது.

2008இல் யுனெஸ்கோ இக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததைத் தொடர்ந்து தொடங்கிய மோதல்களில், 2011இல் குண்டுகள் கோயில் கற்களையும் தாக்கின. 2013இல் பன்னாட்டு நீதிமன்றம் கோயில் நிற்கும் மலைமுனையும் கம்போடியாவுக்கே உரியது என்று விளக்கிய பின்னும் அமைதி நிலைக்கவில்லை. 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் எல்லையில் மீண்டும் போர் மூண்டது. ஆகவே உங்கள் நாட்டுத் தூதரகம் அப்பகுதி பாதுகாப்பானது என்று அறிவிக்கும்வரை அங்கு செல்ல வேண்டாம். தாய்லாந்து வழியாகக் கோயிலுக்குள் செல்லும் பாதை 2008 முதலே மூடப்பட்டுவிட்டதால், நிலைமை சீரான பிறகும் கம்போடியா வழியாகச் செல்லத் திட்டமிடுவதே நல்லது. நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் கேட்பார்கள் என்பதால் கடவுச்சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.