பதறும் சுபாவமும் உடற்பயிற்சியும்

அன்புள்ள அண்ணன்,

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன், வங்கியில் வேலை. சின்ன வயதிலிருந்தே பதறுகிற ஆள். மேலதிகாரி கூப்பிட்டாலே நெஞ்சு படபடக்கும், அன்றிரவு நித்திரை வராது. உடற்பயிற்சி செய்தால் சரிவரும் என்றார்கள். ஜிம்முக்குப் போனேன். கண்ணாடி, பாட்டுச் சத்தம், பக்கத்தில் நிற்பவர்களின் பார்வை... இரண்டு கிழமையில் விட்டுவிட்டேன். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். என் சுபாவத்துக்கு இதெல்லாம் ஒத்துவராதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் கூடுதலாக ஒத்துவரும். ஜிம்மை விட்டதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜ் ஆய்வாளர்கள் 2025இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 132 பேரின் குணத்தையும் உடற்தகுதியையும் அளந்து, ஒரு பகுதியினருக்கு 8 கிழமை சைக்கிளும் தசைப்பயிற்சியும் கொடுத்தார்கள். கலகலப்பான ஆட்களுக்கு மூச்சு வாங்கும் கடும் பயிற்சி பிடித்தது. எளிதில் கவலைப்படுகிறவர்கள் தனியாக, இடையிடையே நின்று செய்யவே விரும்பினார்கள். ஆனால் மன அழுத்தம் நன்றாகக் குறைந்தது இவர்களுக்குத்தான். சிறிய ஆய்வுதான். என்றாலும் உடம்பு வேலை செய்யும் விதத்தோடு பொருந்துவதால் நான் அதை நம்புகிறேன்.

மேலதிகாரி கூப்பிட்டதும் சில விநாடிகளில் அட்ரினலின் என்ற ஹோர்மோன் பாய்ந்து இதயத் துடிப்பு ஏறுகிறது. கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோன் பின்னால் மெதுவாக ஏறி, இறங்க நேரம் எடுக்கிறது. சைக்கிளை வேகமாக மிதித்தாலும் இதே படபடப்பு, இதே வியர்வைதான். ஆனால் அங்கே பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்தினால் எல்லாம் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப இப்படிப் பழகிய உடம்புக்கு ஏறவும் தெரியும், இறங்கவும் தெரியும். நல்ல உடற்தகுதி உள்ளவரின் துடிப்பு பயிற்சி முடிந்ததும் சீக்கிரம் இறங்குவது இதனால்தான். நெஞ்சு படபடப்பதே ஆபத்து என்று நினைத்த மனதும் மெல்ல அந்தப் பயத்தை விடும். சுபாவம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. பதற்றம் வரும், இரவுவரை நீளாது என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

ஆகவே ஜிம்மை மறந்துவிடுங்கள். வளவுக்குள்ளேயே ஒரு நிமிடம் கயிறடியுங்கள், இரண்டு நிமிடம் நடவுங்கள், மறுபடி கயிறு. வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். கடற்கரை பிடிக்குமென்றால் விடியப்புறம் துணைக்கு ஒருவரோடு போங்கள், பின்னேரம் அங்கே சனம் கூடிவிடும். நம்மூரில் ஒரு பெண் ஓடினால் திரும்பிப் பார்க்காத ஆள் குறைவு. அந்தப் பார்வைக்குக் கூசுவதை உங்கள் குறையாக எடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கு பிறகு பார்க்கலாம், இப்போது பத்து நிமிடம் போதும்.

ஒன்று மட்டும். படபடப்போடு நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். நித்திரையின்மை நாள்கணக்கில் நீண்டால் கயிறடிப்பதை மட்டும் நம்பியிருக்கவேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போரையும் சுனாமியையும் கண்ட ஊர் இது, அங்கே போவதை ஒருவரிடமும் மறைக்கத் தேவையில்லை.