கை வலிக்கவில்லை, ஆனால் நாடி எங்கே?

கேள்வி: அப்பாவுக்குப் போன வருடம் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது அந்தக் கையில் நாடி தெரியவில்லை, ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்று டாக்டர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். அப்பாவுக்குக் கையில் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது எனக்கும் ஆஞ்சியோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: டாக்டர் பதறாததற்குக் காரணம் உண்டு. கைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் இரண்டு. கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்நார். இரண்டும் உள்ளங்கைக்குள் வளைவாகச் சேர்ந்துகொள்வதால் ஒன்று அடைத்தாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். 1989இல் கனடாவின் லூசியன் காம்போ 100 பேருக்கு மணிக்கட்டு வழியாக இதயக் குழாய்களைப் படமெடுத்து வெளியிட்ட பிறகு இந்த வழி மெல்ல மெல்லப் பரவி, இன்று தொடை வழியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ரத்தக்கசிவு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

ஆனாலும் அந்தச் சாதாரணத்தில் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு இன்னொரு ஆஞ்சியோ என்றால் அந்தக் குழாய் வேண்டும், பைபாஸ் என்றால் அதையே எடுத்து இதயத்தில் ஒட்ட வேண்டி வரலாம், சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி) போடவும் அது தேவைப்படலாம். வலிக்கவில்லை என்பதற்காக அதைக் கணக்கில் எழுதாமல் விட முடியுமா?

சரி, எதனால் அடைக்கிறது? மணிக்கட்டில் குழாயின் உள் அகலம் பலருக்கு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான், பெண்களுக்கு இன்னும் குறைவு. அதற்குள் செருகும் ஷீத் என்ற பிளாஸ்டிக் குழலில் வழக்கமான 6 ஃபிரெஞ்ச் (ஃபிரெஞ்ச் என்பது குழல் தடிமனின் அளவு) அளவுக்கே வெளி விட்டம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். உள்சுவர் உரசிக் காயப்படுகிறது, அப்புறம் கட்டு போட்டு அழுத்தும்போது ஓட்டமும் நின்றுபோனால் அங்கேயே ரத்தம் உறைகிறது. அதனால்தான் படம் மட்டும் எடுக்கும்போது 5 ஃபிரெஞ்ச் போதுமென்றால் அதையே போடுவார்கள், குழாய் சுருங்கிப் பிடிக்காமலிருக்க நைட்ரோகிளிசரின் போன்ற மருந்து கொடுப்பார்கள், ரத்தம் உறையாமல் தடுக்க குறைந்தது 5,000 யூனிட் ஹெப்பாரின் செலுத்துவார்கள். ஸ்டென்ட் (இதயக் குழாயைத் திறந்துவைக்கும் வலைக்குழல்) வைக்காமல் வெறும் படத்தோடு முடிந்தாலும் ஹெப்பாரின் வேண்டும். "ஷீத் என்ன அளவு, ஹெப்பாரின் உண்டா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் குழாய் திறந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். விரலால் நாடி பிடித்துப் பார்த்தால் மட்டும் போதாது, அல்நார் வழியாக வரும் ரத்தம் பின்பக்கமாக ஏறி அடைத்த குழாயிலும் துடிப்பு காட்டி ஏமாற்றும். கட்டைவிரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி, சுண்டுவிரல் பக்கத் தமனியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதும் திரையில் அலை வந்தால் குழாய் திறந்திருக்கிறது. ஒரு நிமிட வேலை. அடைத்தது அன்றே தெரிந்தால் அல்நாரை ஒரு மணி நேரம் அழுத்திவைத்து ரேடியலைத் திறக்கவைக்கும் வாய்ப்பு உண்டு (ஆஸ்பத்திரியில்தான், வீட்டில் முயற்சி வேண்டாம்). ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. உங்கள் அப்பா விஷயத்தில் அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

கேள்வி: ஆஞ்சியோ முடிந்து மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டினார்கள். விரல்கள் நீலமாகிவிட்டன. கொஞ்சம் தளர்த்துங்கள் என்றேன், ரத்தம் வந்துவிடும் என்று நர்ஸம்மா மறுத்துவிட்டார். யார் சொன்னது சரி?

பதில்: இரண்டு பேருமே பாதி சரி. பட்டை மேலோட்டமான சிரைகளையும் அழுத்துவதால் விரல்கள் லேசாக நீலம் பூப்பது சகஜம். வெளுத்துச் சில்லிட்டாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோதான் உடனே பார்க்க வேண்டும். ஆனால் 'எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பாதுகாப்பு' என்ற எண்ணம்தான் குழாயை அடைக்க வைக்கிறது. துளையிலிருந்து ரத்தம் கசியக் கூடாது, உள்ளே ஓட்டமும் நிற்கக் கூடாது. இந்த நடுநிலைக்குக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்த்துத்தான் வர முடியும். 2008இல் வெளியான ப்ராஃபெட் ஆய்வில் 436 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கம்போலவும் மற்றவர்களுக்கு ஓட்டம் நிற்காதபடி பார்த்தும் கட்டினார்கள். மறுநாள் அடைப்பு வழக்கம்போலக் கட்டியவர்களில் 12 சதவீதம், மற்றவர்களில் 5 சதவீதம். ஒரு மாதத்தில் 7க்கு எதிராக 1.8. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை, கட்டிய விதம் மட்டும்தான் வேறு. ஆகவே அடுத்த தடவை "தளர்த்துங்கள்" என்பதற்குப் பதிலாக, "உள்ளே ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பட்டையை நீங்களாகத் தொட வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் மணிக்கட்டை மடக்கி ஊன்றாதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள், சில நாட்கள் கனம் தூக்காதீர்கள், துளை மூடும்வரை கையைத் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். ரத்தம் வந்தால் உட்கார்ந்து, துளையின் மேல் விரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். நிற்கவில்லை, அல்லது பீறிடுகிறது என்றால் அழுத்தியபடியே ஆம்புலன்ஸ். முன்கை முழுதும் வீங்கி மரக்கட்டைபோல இறுகினால் காலைவரை காத்திருக்கக் கூடாது. உள்ளே தேங்கும் ரத்தம் தசைகளை நெருக்கினால் கையே பாழாகிவிடும்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து நான்கு நாள். முழங்கை வரை கன்றிப்போயிருக்கிறது. ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்து மாரடைப்பு வரலாம், அதற்கு முன்னால் இந்தக் கன்றல் ஒன்றுமே இல்லை. அது பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ஓரிரு வாரத்தில் மறையும். பெரிதாகிக்கொண்டே போனாலோ, துளையிட்ட இடத்தில் துடிக்கிற கட்டி தட்டுப்பட்டாலோ, மாத்திரையைத் தொடர்ந்தபடியே டாக்டரிடம் போய், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள்.