கடலோரத்தில் கட்டுப்படியாகும் வாடகை வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பணி மாற்றத்தால் நானும் என் கணவரும் இரண்டு ஆண்டுகளுக்கு வெளிநாட்டுக் கடலோர நகரம் ஒன்றில் குடியேறவிருக்கிறோம். கடலுக்கு அருகில் வசிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. ஆனால் இணையத்தில் காணும் வீடுகளின் வாடகை எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் போகிறது. ஆசையைக் கைவிட வேண்டியதுதானா?

பதில்: கைவிட வேண்டாம், தேடும் இடத்தையும் காலத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தேடுபவர் கண்ணில் முதலில் படுபவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தளவாடங்களுடன் விடப்படும் வீடுகள். ஓரிரவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கில்தான் அவற்றின் மாத வாடகை நிர்ணயிக்கப்படுகிறது. அந்நகரத்து மக்கள் குடியிருக்கும் வீடுகள் அவர்களுடைய மொழியிலுள்ள விளம்பரங்களிலும், வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளிலும், வாய்மொழியாகவும் கைமாறுகின்றன. எனவே முதல் சில வாரங்களுக்கு எளிய அறையொன்றில் தங்கிக்கொண்டு, நேரில் நடந்து தேடுவதே சிறந்தது. அந்தச் சில வாரங்களின் செலவைக் கண்டு தயங்காதீர்கள். பார்க்காமல் எடுத்த வீட்டில் ஓராண்டு சிக்கிக்கொள்வதோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான்.

அடுத்து, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டுமா, அல்லது மாலையில் நடந்துபோய் அலையில் கால் நனைத்தால் போதுமா என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். வாடகையை ஏற்றுவது பெரும்பாலும் காட்சிதான். சாதாரணமாக நடப்பவர் 15 நிமிடங்களில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் கடந்துவிடுவார். கரையிலிருந்து அந்தத் தொலைவுக்குள் இருந்தும் கடல் தெரியாத தெருக்களில் தேடுங்கள்; கடற்கரைக்கு நேராகச் செல்லும் பேருந்துத் தடத்தில் வீடு அமைந்தால் இன்னும் தள்ளிப் போகலாம்.

சற்று உள்ளே தள்ளியிருப்பதில் வாடகையைத் தவிர வேறு நன்மையும் உண்டு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்று நிலத்துக்குள் கொண்டுவருகிறது. அவற்றில் பெரும்பகுதி கரையையொட்டிய சில நூறு மீட்டர்களுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. அந்த உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் காரை வெடித்துப் பெயரும். கூரையிலோ உத்தரத்திலோ கம்பி ஓடும் திசையில் நேர்கோட்டு விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அந்த வீடு வேண்டாம். புதிதாகச் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்த சுவரைப் பார்த்து ஏமாறாமல், அலமாரியின் பின்புறத்தையும் குளியலறை மூலைகளையும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை மறையாது. குளிர்சாதனத்தின் வெளிப்பகுதி அரித்திருந்தால் மின்சாரச் செலவு கூடும் என்பதால், முந்தைய மாதங்களின் மின்கட்டணச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் ஒரு வீட்டின் உண்மையான வாடகையைக் கணக்கிட வேண்டும்.

தாழ்வான பகுதியாக இருந்தால், பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டி கடல்நீர் ஓதத்தால் உயர்ந்திருக்கும் நேரத்தில் அத்தெருவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாக்கடை எதிர்த்து வருகிறதா என்பது அப்போது தெரியும்.

காலத்தைப் பொறுத்தவரை, சுற்றுலாப் பருவம் முடிந்த உடனே தேடுவது நல்லது. வீடு காலியாகிவிடுமோ என்ற கவலையில் உரிமையாளர் பேரத்துக்கு இறங்கி வருவார். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மத்தியதரைக் கடலோர நகரங்கள் பலவற்றில் இலையுதிர் காலம் முதல் கோடைத் தொடக்கம் வரை மட்டும் குறைந்த வாடகைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, கோடையில் பயணிகளுக்கு விடுவதற்காகக் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் வழக்கம் உண்டு. ‘இந்த வாடகை 12 மாதங்களுக்கும் உரியதா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில், மிகக் குறைந்த வாடகையில் ஒரு வீட்டின் விளம்பரம் பார்த்தேன். உரிமையாளர் தாம் வேறொரு நாட்டில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் எழுதுகிறார். பணம் அனுப்பலாமா?

பதில்: அனுப்பவே அனுப்பாதீர்கள். சந்தை நிலவரத்துக்கு ஒவ்வாத வாடகை, நேரில் வர முடியாத உரிமையாளர், இன்றே பணம் கட்ட வேண்டும் என்ற அவசரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் மோசடியே. விளம்பரத்திலுள்ள படங்களைத் தேடுபொறியில் ஏற்றித் தேடினால், வேறு ஊரின் விடுதி விளம்பரத்தில் அதே படங்கள் இருப்பது சில நேரங்களில் தெரியவரும். வீட்டைப் பார்க்காமலும், கொடுப்பவருக்கு அதை வாடகைக்கு விடும் உரிமை உண்டா என்பதைச் சரிபார்க்காமலும் பணம் கைமாறக் கூடாது.

கேள்வி: வீடு அமைந்துவிட்டது. ஒப்பந்தத்தில் வெளிநாட்டவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை எவை?

பதில்: முதலாவது, அந்த ஒப்பந்தம் அந்நாட்டு அலுவலகத்தில் பதிவாகுமா என்பது. துபாயில் வாடகை ஒப்பந்தத்தை ‘இஜாரி’ என்ற அரசுப் பதிவு முறையில் பதிவு செய்தாக வேண்டும். குடும்பத்தாரை விசாவில் அழைத்துக்கொள்ளவும் அந்தச் சான்று தேவைப்படுகிறது. வேறு பல நாடுகளிலும் வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதி, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். பதிவு வேண்டாம், வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று உரிமையாளர் சொன்னால் அந்தச் சலுகையை ஏற்காதீர்கள். இழப்பு முழுவதும் உங்களுடையதாகவே இருக்கும்.

இரண்டாவது, இடையில் வெளியேறும் உரிமை. உங்கள் வேலை பறிபோனாலோ வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டாலோ என்ன ஆகும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டவரின் இரண்டாண்டு ஒப்பந்தங்களில், முதல் 12 மாதங்கள் முடிந்த பின் இரண்டு மாத முன்னறிவிப்புடன் விலகிக்கொள்ள இடமளிக்கும் விதியைச் சேர்ப்பது வழக்கம். அது எல்லா ஒப்பந்தங்களிலும் தானாக இடம்பெறுவதில்லை. நீங்கள்தான் கேட்டு எழுதச் செய்ய வேண்டும். மற்ற நாடுகளிலும் இப்படியொரு விதியைக் கேட்பதில் தவறில்லை.

முன்பணத்தைத் திரும்பப் பெறுவதில்தான் கடலோர வீடுகளில் தகராறு வருகிறது. ஈரக்கசிவு, துருப்பிடித்த ஜன்னல் கொக்கி, வெளிறிய கதவு ஆகியவை நீங்கள் குடிபுகும் முன்பே இருந்திருக்கலாம். சாவி வாங்கும் நாளிலேயே ஒவ்வோர் அறையையும் தேதியுடன் படமெடுத்து, உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதாக அவரிடமிருந்து ஒரு வரி பதில் வாங்கிவையுங்கள். உப்புக்காற்றால் வரும் பழுதைச் சரிசெய்யும் பொறுப்பு அவருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.