பிறருக்குக் கொடுப்பதால் நமக்கு என்ன கிடைக்கிறது?

கையில் இருப்பதே கொஞ்சம், இதில் அடுத்தவருக்குக் கொடுத்து நமக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகிய மூவர் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலையில் சிலருக்கு ஆளுக்கோர் உறை கொடுத்தார்கள். உள்ளே 5 டாலர் அல்லது 20 டாலர். மாலை 5 மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். சிலர் தங்களுக்காக, மற்றவர்கள் பிறருக்காக. மாலையில் விசாரித்தால், பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது: தொகை 5 டாலரா, 20 டாலரா என்பது அந்த மகிழ்ச்சியைப் பெரிதாக மாற்றவில்லை. கிள்ளிக் கொடுத்தாலும் அள்ளிக் கொடுத்தாலும் மனசுக்கு ஒன்றுதான் போல! நன்கொடை தரும்போது, பணம் கைக்கு வரும்போது கிளர்ச்சியடையும் அதே மூளைப் பகுதிகள் வேலை செய்வதையும் ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

சரி, பணமே இல்லையென்றால்? கைக்குழந்தையோடு படியேறுபவரின் பையை வாங்கி இரண்டு மாடி தூக்கி வந்து பாருங்கள். கடைசிப் படியில் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி அவர் சிரிப்பார். நம் உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கண்ணெதிரே தெரியும்போது திருப்தி கூடுகிறது.

ஒரே நிபந்தனை, விருப்பப்பட்டுக் கொடுக்க வேண்டும். கட்டாயத்துக்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட நாளில் "இப்போது முடியாது" என்று சொல்லிவிடுங்கள், தப்பே இல்லை.