சைக்கிளால விழுந்தது ஒரு ஊர், கட்டு அவிழ்க்கிறது இன்னொரு ஊர்: இந்த முறை வந்த கேள்விகள்

சித்திரை கழிஞ்சு கடல் அடங்கினாக் காணும், திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் லீவுக்கு வாற எங்கட சனம் வாடகைக்கு சைக்கிள் எடுக்கத் தொடங்கிடும், அதோட எனக்கு வாற கடிதமும் மாறிடும். இந்த முறை பாதிக்கு மேல அதுதான். இஞ்ச வந்து விழுந்த ஆக்கள் ஒரு பக்கம், வெளிநாட்டில விழுந்து பாதிக் குணத்தோட திருமலைக்கு வந்து சேர்ந்த ஆக்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பேருக்கும் முதல்லயே சொல்லிடுறன்: எக்ஸ்ரே படமும் டயக்னோசிஸ் காட்டும் (என்ன வருத்தம், என்ன வைத்தியம் எண்டு ஆஸ்பத்திரியில எழுதித் தாற அட்டை) கையில இல்லாம பிளேன் ஏறாதீங்கோ. ஒவ்வொரு முறையும் இதைத்தான் எழுதுறன், ஒவ்வொரு முறையும் வெறுங்கையோட ஆராவது வந்து நிக்கினம்.

கனடாவில இருந்து வந்தனான். நிலாவெளி ரோட்டில மாடு குறுக்க வந்து விழுந்து கொலர் போன் உடைஞ்சிட்டு. ஸ்லிங் மட்டும்தான் போட்டவை. பத்து நாள்ல பிளைட், ஏறலாமா?

கொலர் போனுக்காக பிளைட்டை தள்ளத் தேவையில்ல. நான் பயப்பிடுறது அதுக்குக் கீழ இருக்கிற விலா எலும்புக்கு. தோள் அடிபட விழுந்த ஆக்களுக்கு சிலநேரம் விலாவும் வெடிச்சு நுரையீரல்லயும் சின்ன ஓட்டை விழுந்திருக்கும், வெளியால வந்த காத்து நெஞ்சுக்க தேங்கி நிக்கும். பிளேன் மேல போகேக்க கேபின் அமுக்கம் குறையும், அந்தக் காத்து கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு விரியும், தரையில தெரியாத மூச்சுமுட்டல் அங்க தெரியும். அதால நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தவையோ எண்டு பாருங்கோ, எடுக்காட்டி கேட்டு எடுங்கோ. காத்து தேங்கி இருந்தா, நுரையீரல் முழுசா விரிஞ்சிட்டு எண்டு படத்தில பாத்த பிறகும் ஒண்டு ரெண்டு கிழமை பொறுக்கோணும்.

ஸ்லிங்குக்க கையை மரக்கட்டை மாதிரி வச்சிருக்காதீங்கோ. நாளுக்கு அஞ்சாறு தரம் கையை வெளிய எடுத்து முழங்கையை நீட்டி மடக்குங்கோ, மணிக்கட்டை சுத்துங்கோ, விரலைப் பொத்தித் திறவுங்கோ. முறிஞ்சது கொலர் போன், மற்ற மூட்டுகள் என்ன பாவம் செய்தது? ஆறு கிழமைக்கு பாரம் தூக்கக் கூடாது, சூட்கேஸை மருமகன் தூக்கட்டும். எலும்பு உள்ளுக்க இருந்து தோலைக் குத்தி வெள்ளையாத் தள்ளிக்கொண்டு நிண்டா மட்டும் பிளைட் வரைக்கும் பாக்காம அண்டைக்கே டொக்டரிட்ட போங்கோ.

விழேக்க ஹெல்மெட் நிலத்தில அடிபட்டது, ஆனா வெடிப்பு ஒண்டும் தெரியேல்ல. திரும்பப் பாவிக்கலாமோ?

கூடாது. உள்ளுக்க இருக்கிற ஃபோம் ஒருக்கா நசிஞ்சா நசிஞ்சதுதான். புதுசு வாங்குங்கோ.

நான் உவர்மலை. மகன் நெதர்லாந்தில படிக்கிறார், சைக்கிளால சறுக்கி கையை ஊண்டி விழுந்தவராம். எக்ஸ்ரேல முறிவு இல்லையெண்டு அனுப்பிட்டினம். மூண்டு கிழமையாகியும் பெருவிரல் பக்கம் நோ போகேல்லயாம்.

அம்மா, மகனுக்கு இப்பவே கோல் எடுங்கோ. பெருவிரலை நல்லா விரிச்சுப் பிடிச்சா மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி தெரியும், அந்தக் குழியை அமத்திப் பாக்கச் சொல்லுங்கோ. அங்க சுள்ளெண்டு நொந்தா ஸ்கஃபொயிட் எண்ட சின்ன எலும்பு வெடிச்சிருக்கலாம். முந்திரிப் பருப்பளவு எலும்பு அது. முதல் நாள் எக்ஸ்ரேல அதின்ர வெடிப்பு தெரியாமப் போறது வழமையான விஷயம், அதுக்காகத்தான் 10-14 நாளால திரும்பப் படம் எடுக்கிறது, இல்லாட்டி ஸ்கேன் செய்யிறது. இந்த எலும்புக்கு ரத்தம் வாறது ஒரு பக்கத்தால மட்டும் எண்டே சொல்லலாம், பிந்தினா பொருந்தாமலே போய் பேந்து மணிக்கட்டே தேஞ்சிடும். "நோகுது" எண்டு மட்டும் சொன்னா திரும்பவும் பெனடோல்தான் குடுப்பினம். "குழிக்க நோகுது, திரும்பப் படம் எடுக்கோணும்" எண்டு சொல்லச் சொல்லுங்கோ. விரல் அசையுதுதானே, முறிவா இருக்காது எண்டு ஆரும் சொன்னா கேக்காதீங்கோ. முறிஞ்ச கையிலயும் விரல் அசையும்.

கால் நோகுது, சைக்கிளால விழுந்தது. என்ன செய்யலாம்?

எந்தக் கால்? தொடையோ, முழங்காலோ, கணுக்காலோ? எப்ப விழுந்தீங்கள், நடக்க ஏலுமோ, படம் எடுத்ததோ? வயது கூட எழுதேல்ல. இப்பிடி ஒரு வரி எழுதினா நான் என்னத்தைச் சொல்லுறது? விழுந்தபிறகு நாலு அடி ஊண்டி நடக்க ஏலாமல் இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுங்கோ. மிச்சத்தை விவரமா எழுதிப் பேந்து கேளுங்கோ.

ஒஸ்ரேலியாவில சைக்கிளால விழுந்து முழங்கை முறிஞ்சு பிளேட் வச்சது. ரெண்டு மாசம். இப்ப ஊருக்கு வந்திருக்கிறன், கை முழுசா நீட்ட ஏலாது. எண்ணெய் போட்டு உருவி இழுத்து நிமித்திற ஒராளிட்ட அம்மா கூட்டிக்கொண்டு போகப்போறா. போகலாமா அண்ணை?

போகாதீங்கோ தம்பி. இதை நான் 20 வருசத்துக்கு மேல சொல்லிக்கொண்டு வாறன், சொல்லச் சொல்ல ஒவ்வொரு லீவுக்கும் ரெண்டு மூண்டு முழங்கை இப்பிடிப் பழுதாகித்தான் என்னட்ட வருது.

முழங்கை மற்ற மூட்டு மாதிரி இல்ல. அதுக்கு முன்னால இருக்கிற தசை எலும்போட ஒட்டிக்கொண்டு கிடக்கும். அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு அமத்தி உருவி, ரெண்டு பேர் பிடிச்சு இழுத்து நிமித்தினா அந்தத் தசை உள்ளுக்க கிழியும், ரத்தம் கட்டும், கட்டின ரத்தம் கரையாமல் அந்த இடத்தில எலும்பாவே வளரும். தசைக்குள்ள எலும்பு. மயோசைட்டிஸ் ஒசிஃபிக்கன்ஸ் எண்டு டொக்டர்மார் சொல்லுறது இதைத்தான். எண்ணெய் தேய்ச்ச அண்டைக்கு சூடேறி லேசான மாதிரித்தான் இருக்கும், அதுதான் சனத்தை ஏமாத்திறது, மூண்டு நாலு கிழமையால பாத்தா முதல் இருந்த அசைவும் போய் கை பூட்டுப் போட்ட மாதிரி நிண்டிடும். ஒரு பெடியன் என்னட்ட முதல் வரேக்க கை 40 பாகை குறைவா நீண்டுது, ஒழுங்கா வந்திருந்தா நேராகியிருக்கும். இடையில சொந்தக்காரர் கூட்டிக்கொண்டு போய் நாலு நாள் இழுத்து உருவிச்சினம். திரும்ப வரேக்க சோத்தை வாய்க்குக் கொண்டு போக ஏலாமல் வந்தவன். அந்தப் பிள்ளையின்ர முகம் இப்பவும் கண்ணுக்க நிக்குது, அதாலதான் இந்த விஷயத்தில நான் இவ்வளவு கடுமையாக் கதைக்கிறது.

முறிவு வைத்தியம் செய்யிற எல்லாரையும் நான் குறை சொல்ல வரேல்ல. கைபட்ட பழைய பரியாரிமார் பிளேட் வச்ச முழங்கையைத் தொடமாட்டினம், ஆஸ்பத்திரிக்குப் போ எண்டு அவையே திருப்பி அனுப்புவினம். நான் சொல்லுறது மூட்டைப் பிடிச்சு இழுக்கிற ஆக்களை.

நீங்கள் செய்யவேண்டியது வேற. உங்கட கையை நீங்களே, உங்கட பலத்தில மட்டும் நீட்டி மடக்கோணும். மேசையில துவாய் விரிச்சு மேற்கையை வச்சு, முன்கையின்ர பாரத்திலயே மெல்ல நீள விட்டு ரெண்டு நிமிசம், பேந்து மடக்கி ரெண்டு நிமிசம், இப்பிடி நாளுக்கு அஞ்சு தரம். செய்து முடிஞ்சு அரை மணித்தியாலத்துக்கு மேல நோ நிண்டா கூடிப்போச்சு, குறையுங்கோ. கை முழுக்க நேராகாட்டியும் மனசை விடாதீங்கோ, 30 பாகையில இருந்து 130 பாகை வரைக்கும் அசைஞ்சாலே சாப்பிட, முகம் கழுவ, தலை இழுக்க, சைக்கிள் ஹாண்டில் பிடிக்க எல்லாத்துக்கும் காணும். ரெண்டு மாசம் எண்டது இன்னும் நல்லா முன்னேறக்கூடிய காலம். அம்மாவிட்ட இந்தப் பதிலை வாசிச்சுக் காட்டுங்கோ. அவ பிள்ளை மேல உள்ள பாசத்தில சொல்லுறா, கோவிக்காதீங்கோ.

எலும்பு கெதியாப் பொருந்த ஆட்டுக்கால் சூப் எத்தினை நாள் குடிக்கோணும்?

குடிக்க விருப்பமெண்டா குடியுங்கோ, ஆனா அதில கல்சியம் பெரிசா இல்ல. நெத்தலியை முள்ளோட சாப்பிடுங்கோ, முட்டை, பருப்பு, பால் எடுங்கோ. சிகரெட் பத்தினா அதை விடுங்கோ, எலும்பு பொருந்துறதைப் பிந்த வைக்கிறதில அதுதான் முதல்.

லண்டன்ல இருந்து மனுசியோட வந்தனான். கோட்டைக்குள்ள மான் குறுக்க ஓடி சைக்கிளால விழுந்திட்டன். விழுந்தது ஞாபகமே இல்ல, மனுசி சொல்லித்தான் தெரியும். இப்ப மூண்டாம் நாள், லேசாத் தலையிடி. நாளைக்குப் புறாமலைத் தீவுக்கு நீந்தப் போகலாமா?

போகக்கூடாது. ஞாபகம் இல்லையெண்டா மூளை குலுங்கியிருக்கு. அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கோணும், இண்டைக்காவது போய்க் காட்டுங்கோ. தலையிடி கூடிக்கொண்டு போனா, திரும்பத் திரும்ப சத்தி எடுத்தா, கதை குழறினா, ஒரு கை கால் பலம் குறைஞ்சா, எழுப்ப எழுப்ப நித்திரை தூங்கினா, வலிப்பு வந்தா ஒரு நிமிசமும் தாமதிக்காம 1990க்கு அடியுங்கோ. அது இலவச அம்புலன்ஸ், வெளிநாட்டுக்காரர் எண்டு யோசிச்சு நிக்காதீங்கோ. இதெல்லாம் மனுசிக்கும் தெரிஞ்சிருக்கோணும், ஏனெண்டா குழம்பினவருக்குத் தான் குழம்பினது தெரியாது. முதல் ரெண்டு நாள் அமைதியா இருந்து, பேந்து மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கிறதுதான் முறை. கடலுக்க தலை சுத்தினா பிடிக்க ஆர் இருக்கினம்? தலையிடி முழுசா நிண்டு, டொக்டர் ஓம் எண்டு சொல்லும் வரைக்கும் சைக்கிளும் வேண்டாம், கடலும் வேண்டாம், சாராயம் அறவே வேண்டாம்.

கட்டார்ல வேலைக்கு சைக்கிள்ல போகேக்க கார் தட்டி முழங்காலுக்குக் கீழ எலும்பு வெடிச்சது. பிளாஸ்டரோட கிண்ணியாவுக்கு வந்து அஞ்சு நாள். கெண்டைக்கால் இறுக்கமா நோகுது, விரல் வீங்கியிருக்கு. பிளாஸ்டர் இறுக்கமோ?

இதுக்கு நான் கடிதம் கிடைச்ச அண்டைக்கே பதில் போட்டிட்டன், மற்ற ஆக்களும் தெரிஞ்சிருக்கோணும் எண்டு இஞ்ச திரும்ப எழுதுறன். முறிஞ்ச கால், கட்டின பிளாஸ்டர், அசையாம இருந்த பிளேன் பயணம், இந்த மூண்டும் சேர்ந்தா கெண்டைக்கால் நாளத்தில ரத்தம் கட்டியாகலாம். அந்தக் கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. கெண்டைக்கால் நோவோட வீக்கம் வந்தா ஆரையும் கேட்டுக்கொண்டு இருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு முட்டினா, நெஞ்சு நொந்தா 1990. கிண்ணியாவில இருந்து முந்தி மாதிரி படகுக்கும் காத்திருக்கத் தேவையில்ல, 2009ல பாலம் வந்திட்டு. கடவுள் துணையில தம்பி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்.

பிளாஸ்டரோட பறக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு: போட்டு 48 மணித்தியாலத்துக்குள்ள பறக்கிறதெண்டா அதை நீளத்துக்கு வெட்டி விடச் சொல்லுங்கோ, உள்ளுக்க வீங்கினா இடம் வேணும். பறக்க முதல் ரத்தம் கட்டாமல் இருக்கிற ஊசி தேவையோ எண்டும் டொக்டரிட்ட கேளுங்கோ.

தையல் இன்னும் வெட்டேல்ல. கன்னியா வெந்நீர்க் கிணத்தில குளிச்சா நோ குறையுமெண்டு சொல்லுகினம்.

தையல் இருக்கும் வரைக்கும் வேண்டாம். புண் மூடிக் காஞ்சு பக்கு விழுந்த பிறகு ஏழு கிணத்திலயும் ஆசை தீர அள்ளி ஊத்துங்கோ. மூட்டு இளகும், நல்லது. ஆனா அந்தச் சூடு நோவுக்குத்தான், எலும்பைப் பொருத்தாது.

உள்ளுக்க பிளேட் இருக்கு. எயார்போட்டில சத்தம் போடுமோ?

சிலநேரம் போடும், சிலநேரம் போடாது. முதலே சொல்லுங்கோ, படத்தைக் காட்டுங்கோ. படமும் காட்டும் கையில!

நான் ஜேர்மனி, 52 வயது. அங்க சைக்கிளால விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு மூண்டு ஸ்குரூ வச்சது. ஏழு மாசமாச்சு, நல்லா நடந்தனான். திருமலைக்கு வந்த பிறகு கவட்டுக்க ஒரு நோ. நடந்து களைச்சதாலயோ?

களைப்பெண்டு நினைச்சு விட்டிடாதீங்கோ அக்கா. தொடையெலும்பின்ர தலைக்கு ரத்தம் போற வழி அந்த எலும்பின்ர கழுத்தால, அதாவது தலைக்குக் கீழ ஒடுங்கின இடத்தால வருது, அந்தக் கழுத்து முறியேக்க ரத்தம் குறைஞ்சு தலை மெல்ல மெல்ல நொறுங்கலாம், ரெண்டு வருசம் வரைக்கும் அதைக் கவனிக்கோணும். நல்லா நடந்த ஆளுக்கு புதுசா கவட்டு நோ வந்தா அதுக்குத் திரும்பப் படம் எடுக்கோணும். இஞ்ச எடுங்கோ, ஜேர்மனியில எடுத்த பழைய படத்தோட பக்கத்தில வச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. பழைய படம் இல்லையெண்டு கடைசி வரியில எழுதியிருக்கிறீங்கள், அங்க விட்டிட்டு வந்தீங்களாம். மகளிட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில சீடியா எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. படம் வரும் வரைக்கும் ஊண்டுகோல் நோகாத பக்கக் கையில.

மூண்டு மாசமாச்சு, எல்லாம் பொருந்திட்டு எண்டு டொக்டர் சொல்லிட்டார். ஆனா சைக்கிளைக் கண்டாலே நெஞ்சு படபடக்குது.

அதுவும் காயம்தான் தங்கச்சி, வெக்கப்பட ஒண்டுமில்ல. முதல் நிண்ட இடத்தில ஓடுற சைக்கிள்ல ஏறுங்கோ, முழங்கால் 110 பாகை மடங்கினா அது சுகமா ஓடும். பேந்து விடியக்காலமை, வாகனம் இல்லாத நேரம், உட்துறைமுக வீதியில கால் நிலத்தில முட்டுற மாதிரி சீற்றைப் பதிச்சு வச்சு பத்து நிமிசம். அண்ணனோ தம்பியோ பக்கத்தில நடந்து வரட்டும். மாடு மான் நிண்டா இறங்கி உருட்டிக்கொண்டு போங்கோ.