மண் அறிவியலில் முதுநிலைப் பட்டம்: எதையெல்லாம் முடிக்க வேண்டும், எங்கே தாமதமாகும்?

கேள்வி: வேதியியலில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். மண் அறிவியலில் முதுநிலை படிக்க விருப்பம். சேர என்ன தகுதி வேண்டும்? பட்டம் வாங்க என்னென்ன முடிக்க வேண்டும்? 2 ஆண்டில் முடித்துவிட முடியுமா?

பதில்: வேதியியல் படித்தது தடையே இல்லை. வேளாண்மை, நிலவியல், சுற்றுச்சூழல் அறிவியல், உயிரியல் என்று பல துறைகளிலிருந்தும் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். சேர்க்கைக் குழு பட்டத்தின் பெயரைவிட, படித்த பாடங்களைத்தான் கவனிக்கும். பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், கால்குலஸ், புள்ளியியல், அடிப்படை மண் அறிவியல் ஆகியவற்றை எதிர்பார்ப்பார்கள். உங்களிடம் கடைசிப் பாடம் இருக்காது. புள்ளியியலும் இல்லாமல் இருக்கலாம். விடுபட்டவற்றைச் சேர்ந்த பிறகு படிக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. ஆனால் அந்த கிரெடிட்டுகள் பெரும்பாலும் பட்டக் கணக்கில் சேராது. முதல் செமஸ்டரின் நேரத்தையும் தின்றுவிடும். முடிந்தால் சேர்வதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

கிரெடிட் எண்ணிக்கை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க முறையில் 30 என்பது வழக்கம். ஐரோப்பிய முறையில் 2 ஆண்டுப் படிப்புக்கு 120. அங்கே ஓர் ஆண்டு முழு உழைப்பையே 60 என்று கணக்கிடுவதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. பாடங்கள் மண் இயற்பியல், மண் வேதியியல், மண் உயிரியல், மண் வளம், மண் உருவாக்கமும் வகைப்பாடும் என்று பிரியும். வேதியியலிலிருந்து வருபவர்கள் வேதியியல் சார்ந்த பாடங்களாகவே எடுத்துவிட்டு, வகைப்பாட்டைத் தள்ளிப்போடுவது வழக்கம். அது வேண்டாம். குழிக்குள் இறங்கி அடுக்குகளைப் பிரித்து, மண் நிறங்களை வரிசைப்படுத்திய மன்செல் அட்டையோடு நிறத்தை ஒப்பிட்டு, ஈர மண்ணை விரலில் தேய்த்து நயம் (மணல், வண்டல், களி எவ்வளவு என்பது) சொல்லப் பழகாதவருக்கு ஆய்வகத்தில் வரும் எண் எந்த மண்ணைப் பற்றியது என்றே புரியாது.

ஆய்வேடு இல்லாத படிப்பும் உண்டு; கூடுதல் பாடங்களோடு ஒரு சிறு திட்ட அறிக்கையில் முடிந்துவிடும். ஆலோசகர் வேலை, அரசுப் பணி என்றால் அது போதுமானதாக இருக்கலாம். பின்னால் முனைவர் பட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் ஆய்வேடு உள்ளதையே எடுங்கள். 2 ஆண்டில் முடியுமா என்ற கேள்விக்கு விடையும் அந்த ஆய்வேட்டில்தான் இருக்கிறது. பாடங்களால் தாமதமானவர்கள் குறைவு. மாதிரிகளால் தாமதமானவர்கள்தான் அதிகம்.

ஒரு சாதாரண வயல் சோதனையைப் பாருங்கள். ஒப்பிடும் உர முறைகள் (சிகிச்சைகள்) 5, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்தியில் திரும்பச் செய்யும் ரெப்ளிகேஷன் 4: 20 பாத்திகள். 0–15, 15–30 செ.மீ. என்று 2 ஆழங்கள்: 40 மாதிரிகள். ஒரு பருவத்தில் 3 முறை எடுத்தால் 120. ஒவ்வொன்றிலும் 6 பண்புகளை அளந்தால் 720 அளவீடுகள். இரட்டைச் சோதனை, மண் சேர்க்காத வெற்றுக் கரைசல், தரக்கட்டுப்பாட்டு மாதிரி எல்லாம் இதற்கு மேல். ஆய்வு முன்மொழிவு எழுதும்போதே இந்தப் பெருக்கலைப் போட்டு, உங்கள் ஆய்வகம் ஒரு நாளில் எத்தனை அளவீடு செய்யும் என்ற எண்ணால் வகுத்துப் பாருங்கள். வரும் நாட்கள் ஒரு செமஸ்டரைத் தாண்டினால் குறைக்க வேண்டியது பண்புகளை அல்லது மாதிரி எடுக்கும் தடவைகளை. ரெப்ளிகேஷனில் கை வைக்காதீர்கள். ஒரே பாத்தியில் 10 இடத்தில் துளையிட்டு எடுத்தால் அது 10 ரெப்ளிகேஷன் ஆகாது. அந்தப் பாத்திக்கான ஒரே மதிப்புதான். வாய்மொழித் தேர்வில் புள்ளியியல் தெரிந்தவர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

திருத்தவே முடியாத தவறு என்றால் பருமன் அடர்த்தி (இடைவெளிகளையும் சேர்த்த கன அளவுக்கு உலர்ந்த மண்ணின் எடை) எடுக்காமல் விடுவது. அங்ககக் (கரிமப் பொருளிலுள்ள) கார்பன் 1.5 சதவீதம் என்று ஆய்வகம் சொல்லும். ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று சொல்ல அடர்த்தி வேண்டும்: 1.5 × 1.3 × 15 = 29.25 டன். இதில் 1.3 என்பது கன செ.மீ.க்கு கிராம் கணக்கில் அடர்த்தி, 15 என்பது செ.மீ. ஆழம். கல் அதிகமுள்ள மண்ணில் கல்லின் பங்கையும் கழிக்க வேண்டும். உருளையை மண்ணில் இறக்கி இந்த மாதிரியை எடுக்க அரை நாள் போதும். உழவு ஓட்டிய பிறகு போனால் பழைய மண் அங்கே இருக்காது.

நைட்ரேட் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மண்ணை உலர்த்திப் பிறகு பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். நுண்ணுயிர்கள் பையிலும் வேலை செய்துகொண்டே இருக்கும், அளவு மாறிவிடும். 4 டிகிரியில் குளிர வைத்து, சீக்கிரமே 2 மோலார் பொட்டாசியம் குளோரைடில் பிரித்தெடுங்கள். மற்ற பெரும்பாலான சோதனைகளுக்கு நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலித்தால் போதும். சீட்டைப் பென்சிலில் எழுதி பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.

முறையைத் தேர்வதிலும் மண் குறுக்கே வரும். சுண்ணாம்பு மண்ணில் பிரே முறையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பார்த்தால் கரைசலின் அமிலத்தைச் சுண்ணாம்பு முறித்துவிடும், அளவு குறைவாகக் காட்டும்; அங்கே ஓல்சன் முறைதான் சரி. அதே மண்ணை உயர் வெப்பத்தில் எரித்துக் கார்பன் பார்த்தால் கார்பனேட்டும் சேர்ந்துவிடும். அதைக் கழிக்க வேண்டும். டைகுரோமேட்டால் கார்பனை ஆக்சிஜனேற்றி அளக்கும் வாக்லி–பிளாக் முறை சராசரியாக 77 சதவீதக் கார்பனையே காட்டுவதால் 1.3 ஆல் பெருக்குவது வழக்கம். அந்தத் திருத்தம் செய்ததா இல்லையா என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள்.

4 செமஸ்டர் கணக்குக்கு வருவோம். நெறியாளரையும், பொதுவாக 3 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவையும் முதல் செமஸ்டரிலேயே முடிவு செய்துவிடுங்கள். முன்மொழிவு விதைப்புக்கு முன் ஒப்புதலாக வேண்டும்; இரண்டு வாரம் தவறினால்கூட அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க நேரும், சில பயிர்களில் அது முழு ஓர் ஆண்டு. அப்படித் தவறிவிட்டால் நெறியாளரிடம் பேசி, ஆய்வகத்தில் செய்யும் 60 முதல் 90 நாள் அடைகாப்புச் சோதனைக்கு (ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்திய மண்ணை வைத்துக் கவனிப்பது) மாறலாமா என்று பாருங்கள். அதற்கு மழையும் விதைப்பும் தடையில்லை.

நெறியாளரைத் தேர்வதற்கு முன் அவருடைய இப்போதைய மாணவர்களிடம் மூன்று விஷயங்கள் கேளுங்கள்: கருவிகள் ஓடுகின்றனவா, கடைசியாக முடித்தவருக்கு எத்தனை மாதம் ஆனது, எழுதிக் கொடுத்த அத்தியாயம் திரும்பி வர எவ்வளவு நாள் ஆகிறது.

கடைசி செமஸ்டரில் வரைவைக் குழுவுக்குக் கொடுக்கும் தேதி, வாய்மொழித் தேர்வு, வடிவச் சரிபார்ப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கெடு இருக்கும். பட்டமளிப்புத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் 100 கிராம் உலர்ந்த மண்ணை எடுத்து வைத்து, திருத்தப்பட்ட இறுதிப் பிரதி ஏற்கப்படும் வரை தூக்கிப் போடாதீர்கள். ஏதாவது ஓர் எண்ணைத் தேர்வாளர் சந்தேகித்தால் அன்றே மறுபடி அளந்து காட்டலாம்.